ஒரு வரி குறைந்த செய்தி

சென்ற மாதம், நான் வேலை பார்த்த நாளிதழின் கோவை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஓய்வூதியப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. செய்திப் பிரிவில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்த உதவி ஆசிரியர், முப்பது வயதுக்குள் இருக்கும் பெண், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். திரையில் ஒரு செய்தி அதற்கான கட்டத்துக்குள் ஒரு வரி குறைவாக நின்றது. அவர் எதையோ அழுத்தினார். வரிகள் இம்மியளவு தள்ளி நின்று கட்டம் நிரம்பிவிட்டது.

“உங்க காலத்துல ஒரு வரி குறைஞ்சா என்ன சார் பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

“எழுதுவோம்” என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர் கேட்டதற்கு அது பாதிப் பதில்தான். மீதிப் பதிலை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு மெய்ப்புத் திருத்துபவனாக வந்தேன். ஈயத்தில் எழுத்துக் கோத்த கடைசி ஆண்டுகளைப் பார்த்தேன். பத்தாண்டு மெய்ப்பு, பிறகு நிருபர். தொண்ணூறுகளின் நடுவில் என் பொறுப்பில் மருத்துவமனைகள், நீதிமன்றம், மேட்டுப்பாளையம் மண்டி நிலவரம் மூன்றும் இருந்தன. காலையில் மருத்துவமனை, மதியம் கோர்ட், மாலையில் மண்டிக்கு ஒரு போன். பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. தப்பு செய்து கற்றுக்கொண்டதுதான். அதில் பெரிய தப்பு ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது செய்தி கணினியில் தட்டச்சாகி, வழவழப்பான புரோமைடு தாளில் நீள நீளமாக வெளியே வரும். அதை பிளேடால் வெட்டி, பக்க அளவுள்ள அட்டையில் கட்டம் கட்டமாக ஒட்டுவார்கள். ஒட்டி முடித்த அட்டையைக் கேமரா படமெடுக்கும். அதிலிருந்து அச்சுத் தகடு. எங்கள் அலுவலகத்தில் பக்கம் ஒட்டுவதும் படம் வரைவதும் ஜாபர் பாய். கோட்டைமேட்டுக்காரர். பிளேடைப் பிடித்தால் மில்லிமீட்டர் தவறாது. கட்டத்துக்குள் செய்தி ஒரு வரி குறைந்தால் அவருக்குப் பொறுக்காது. ஓட்டுக் கூரையில் ஓட்டை விழுந்த மாதிரி நம்மைப் பார்ப்பார். ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

செய்தி ஆசிரியர் சுந்தரராஜன் என்னைவிட ஆறு வயது இளையவர். நான் இருந்திருக்க வேண்டிய நாற்காலி என்று சிலர் என் காதில் போட்டார்கள். நானும் சில மாதம் அப்படித்தான் நினைத்தேன். அவர் என்னை ‘நடராஜண்ணா’ என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒட்டி முடித்த பக்கத்தின் மேல் குனிந்து, ஓர் எஃகு அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். சந்தேகம் வந்த வரியின் ஓரத்தில் வெளிர்நீலப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அந்த நீலம் கேமராவில் விழாது. வாசகருக்கு அது தெரியாது. எங்களுக்கு மட்டும் தெரியும். புள்ளி வைத்தால், “இது யார் சொன்னது?” என்று அர்த்தம். எழுதியவன் வந்து பதில் சொல்ல வேண்டும். பதில் சரியென்றால் புள்ளியின் மேல் குறுக்கே ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான் அவருடைய நிர்வாகம்.

ஒருநாள் மேட்டுப்பாளையத்திலிருந்து நாலு வயதுப் பையன் ஒருவனை மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நாலணாக் காசை விழுங்கிவிட்டான். எக்ஸ்ரேயில் காசு வயிற்றுக்கு இறங்கியிருந்தது. “இந்தக் காசு எறங்கிடுச்சு. தானா வந்துடும். எப்பவும் சாப்பிடறதைக் குடுங்க” என்று டாக்டர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மூன்றாம் நாள் காசு வந்துவிட்டது. பையனின் அப்பா மண்டியில் வாழைத்தார் இறக்குகிறவர். “பழமாக் குடுத்தனுங்க. காசு வழுக்கீட்டு வந்துபோடுச்சு” என்றார். நல்ல செய்தி. சிரிக்கவும் வைக்கும். ‘நாணயம் விழுங்கிய சிறுவன்: வாழைப்பழம் காப்பாற்றியது’ என்று தலைப்புக் கொடுத்து, மூன்றாம் பக்கத்தில் இரண்டு பத்தி அகலத்தில் கட்டம் போட்டோம்.

வெளியூர்ப் பதிப்புக்கான பக்கம் மாலை ஐந்தரைக்குப் போக வேண்டும். ஐந்து மணிக்கு ஜாபர் பாய் தலையை நீட்டினார்.

“நடராஜண்ணா, ஒரு வரி குறையுதுங்க.”

“எவ்வளவு பாய்?”

“ஒரே ஒரு வரி. ஒம்பது பத்து வார்த்தை குடுங்க, கண்ணை மூடீட்டு ஒட்டிப்போடறேன்.”

நான் நின்றபடியே எழுதினேன்: ‘நாணயம் போன்ற சிறு பொருட்களைக் குழந்தைகள் விழுங்கினால் பதற்றம் வேண்டாம், வாழைப்பழமே போதும்.’ ஒட்டினார். கட்டம் நிரம்பியது. சுந்தரராஜன் அளவுகோலோடு வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் அளவுகோல் நின்றது. ஓரத்தில் நீலப் புள்ளி விழுந்தது.

“இது யார் சொன்னதுங்க அண்ணா?”

“டாக்டர்தான்” என்றேன்.

டாக்டர் சொன்னது ஒரு காசைப் பற்றி. ஏற்கெனவே வயிற்றுக்கு இறங்கிவிட்ட ஒரு காசைப் பற்றி. ‘போன்ற சிறு பொருட்கள்’ என்பது என்னுடையது. வாழைப்பழம், தார் இறக்குகிறவருடையது. சுந்தரராஜன் புள்ளியின் மேல் கோடு போட்டார். பக்கம் போய்விட்டது.

அந்தச் செய்திக்குக் கிடைத்த வரவேற்பு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பல்லடத்தில் ஒரு சலூன் கண்ணாடியின் ஓரத்தில் அதை வெட்டி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். எழுதியது நான்தான் என்று சொன்னதற்கு சலூன்காரர் முகச்சவரத்துக்குக் காசு வாங்க மறுத்தார்.

மூன்று மாதம் போயிருக்கும். காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு ஒரு போன். நகரத்தின் வேறொரு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருந்த டாக்டர் வசந்தா. அதற்கு முன் இரண்டு முறை பேசியிருக்கிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல.

“உங்க நியூஸ் ஒண்ணு இங்க வந்திருக்குதுங்க. வந்து பாக்கறீங்களா?”

போனேன். அறுவை அரங்குக்கு வெளியே இருந்த சின்ன அறையில், விளக்குப் பெட்டியில் ஓர் எக்ஸ்ரே மாட்டியிருந்தது. குழந்தையின் கழுத்தும் மார்பும். கழுத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு வட்டம்.

“என்னன்னு சொல்லுங்க” என்றார்.

“காசு.”

“எல்லாரும் அதான் சொன்னாங்க. ஓரத்தைப் பாருங்க.”

கிட்டே போய்ப் பார்த்தேன். வட்டத்தின் ஓரத்துக்குள் இன்னொரு மெல்லிய வட்டம். இட்லித் தட்டின் குழிக்கு விளிம்பு இருப்பது போல. இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இழை அளவு இடைவெளி.

“காசுக்கு ஓரம் ஒண்ணு. இதுக்கு ரெண்டு. இது பேட்டரி செல்லுங்க.”

இரும்புக் கிண்ணம் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். அதில் நாலணா அளவில் ஒரு தட்டையான செல். ஒரு பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் குழாய்விட்டு எடுத்திருந்தார்கள்.

குழந்தையின் பெயர் கவிதா. ஒன்றரை வயது. கருமத்தம்பட்டியில் அப்பா பழனிசாமிக்கு விசைத்தறி. முந்தின நாள் அம்மாவின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்த டிஜிட்டல் டைரியில், அதுதான் போன் நம்பர் சேர்த்து வைக்கும் கையளவுப் பெட்டி, பழனிசாமி செல் மாற்றியிருக்கிறார். தீர்ந்துபோன செல்தானே என்று பழையதை டிவி மேசையில் வைத்துவிட்டார். மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் குழந்தை பளபளவென்று எதையோ வாயில் போட்டதை அம்மா சரஸ்வதி பார்த்தார். ஓடிவந்து விரலை விடுவதற்குள் விழுங்கிவிட்டது. காசு என்றே நினைத்தார்கள். காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்த பேப்பர் துண்டை எடுத்துப் படித்தார்கள். பழம் கொடுத்தார்கள். குழந்தை துப்பியது. மசித்துக் கொடுத்தார்கள். வாந்தி எடுத்தது. பதற்றம் வேண்டாம் என்று போட்டிருந்ததால் பதறாமல் இருந்தார்கள். விடியும்போது குழந்தையால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. வாயோரம் வழிந்துகொண்டே இருந்தது. அதன் பிறகுதான் வண்டி பிடித்தார்கள்.

“தீர்ந்த செல்லுதானே டாக்டர்?” என்று கேட்டேன்.

“டைரிக்குத் தீர்ந்துபோச்சு. தொண்டைக்குத் தீரலை. உள்ள இருக்கற மருந்து ஒழுகினாத்தான் ஆபத்துன்னு நினைக்கறீங்க. ஒழுகவே வேண்டாம். ஈரமான சதைல ஒட்டி நின்னாப் போதும். கொஞ்சூண்டு கரண்ட் ஓடும். ஓடற எடத்துல காரம் உண்டாகும். சாயப்பட்டறைல காஸ்டிக் சோடா கையில பட்டவங்களைப் பாத்திருக்கீங்களா?”

பார்த்திருக்கிறேன்.

“அதான். ரெண்டு மணி நேரத்துல புண்ணாகிடும். இது இருவது மணி நேரம் உக்காந்திருக்குது.”

விளக்குப் பெட்டியை அணைத்துவிட்டு, “நான் திட்டறதுக்குக் கூப்பிடலீங்க. எழுதறதுக்குக் கூப்பிட்டேன்” என்றார்.

“குழந்தை பிழைச்சுக்குமா?”

“இப்ப உணவுக்குழாய்ல ஓட்டை இல்லை. ரெண்டு வாரத்துல விழலாம். விழாமலும் இருக்கலாம். ஆறும்போது குழாய் சுருங்கும். அதைப் பெருசு பண்ணிக்கலாம். சோறு திங்குமான்னு கேட்டா, இன்னைக்கு எனக்குத் தெரியாது.”

வராந்தாவில் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பழனிசாமி எழுந்து நின்றார். சட்டைப் பையில் மடித்த பேப்பர் துண்டு தெரிந்தது. நான் பேப்பர்காரன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“வாங்க. உக்காருங்க” என்று இடம் விட்டார். “பேப்பர்ல போட்டிருந்துதுங்க. அதனால தெகிரியமா இருந்துபோட்டமுங்க.”

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. என்னிடம் நிலவரம் சொல்லுகிறார், அவ்வளவுதான். அந்த ‘ங்க’ ஒவ்வொன்றும் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதுவதில் பயனில்லை. உட்காராமலே சொன்னேன்.

“அதை எழுதினது நான்தானுங்க.”

சரஸ்வதி நிமிர்ந்து பார்த்தார். பிறகு கணவரிடம், என்னைக் காட்டாமல், எனக்குக் கேட்கும்படி சொன்னார்:

“ஏனுங்க, எழுதினவரு எந்தக் கொழந்தைக்குப் பழம் ஊட்டிப் பாத்தாராமா? கேளுங்க.”

“சும்மா இரு அம்மணி.”

“நான் சும்மாதானுங்க இருந்தேன் நேத்தெல்லாம். பேப்பர்ல இருக்கச் சொன்னாங்கன்னு இருந்தேன்.” பிறகு என்னைப் பார்த்தே கேட்டார். “எம்பட புள்ளைக்குச் சோறு எறங்குமாங்க? அதையாச்சும் நெசமாச் சொல்லுங்க.”

“தெரியலீங்க” என்றேன். அந்தச் செய்தியைப் பொறுத்தவரை என் வாயிலிருந்து வந்த முதல் சரியான வார்த்தை அதுதான்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் சுந்தரராஜனிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். புள்ளி வைத்தபோது நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் எழுந்து போய், பழைய பக்க அட்டைகள் அடுக்கிவைத்திருந்த அலமாரியில் தேடி, அந்த மூன்றாம் பக்கத்தை எடுத்து வந்தார். பசை மஞ்சளாகியிருந்தது. கடைசி வரியின் ஓரத்தில் நீலப் புள்ளி, குறுக்கே கோடு.

“கோடு போட்டது நானுங்க அண்ணா” என்றார்.

எங்கள் வழக்கப்படி திருத்தம் என்றால் கடைசிப் பக்கத்தின் கீழ்மூலையில் நாலு வரி. ‘வருந்துகிறோம்’ என்று முடியும். ரேஷன் கடை நேரம் மாறிப்போனாலும் அதே நாலு வரிதான். மேலே இருந்தவர்கள் அதைத்தான் விரும்பினார்கள். அதிகம் எழுதினால் வழக்கு வரும் என்று ஒருவர் சொன்னார். சுந்தரராஜன் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “சரிங்க… சரிங்க… அதே மூணாம் பக்கத்துலதானுங்க போடப்போறேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதே பக்கம், அதே இடம், அதே அகலம். உயரம் மட்டும் இரண்டு மடங்கு.

எழுதும்போது எனக்கு ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அது யார் சொன்னது என்று நானே குறிக்க வேண்டும். வசந்தா வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றின் ஒளிநகல் கொடுத்திருந்தார். குழந்தைகள் டாக்டர் ஒருவரிடமும் படித்துக் காட்டினேன். ‘உடனடியாக’ என்று நான் எழுதியதற்கு ஒரு புள்ளி விழுந்தது.

“உடனடின்னா எவ்வளவு நேரமுங்க? அவங்க நேத்து உடனடியாத்தான் பழம் குடுத்தாங்க.”

மறுபடி வசந்தாவுக்குப் போன் செய்தேன். “மணியைப் பாக்காதீங்கன்னு எழுதுங்க. வலி வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்னு எழுதுங்க. செருப்பு மாட்டற நேரம்தான் நேரம்” என்றார். கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றதை எழுதினேன். இப்போது நினைத்தால் அதையும் எழுதியிருக்கலாம்.

அடுத்த தொல்லை படம். எக்ஸ்ரேயைப் போட்டால் ஜனங்கள் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்று கெஞ்சி வாங்கி வந்திருந்தேன். ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் படமெடுத்து, சோதனைக்கு ஒன்று அச்சடித்துப் பார்த்தார் ஜாபர் பாய். செய்தித்தாளில் படத்தைப் பொடிப்புள்ளிகளாக உடைத்துத்தான் அச்சிட முடியும். இரண்டு வட்டங்களுக்கு நடுவே இருந்த நூலிழை இடைவெளி அந்தப் பொடியில் அடைந்துபோய், ஒரே வெள்ளை வட்டமாக நின்றது.

“ஆவி மாதிரி தெரியுதுங்க” என்றார் பாய். “இதைப் போட்டா மறுபடியும் காசுன்னுதான் சொல்லுவாங்க.”

“இன்னொருக்கா எடுத்துப் பாருங்க.”

“மூணு தடவை எடுத்தாச்சு. நம்ம காகிதம் அவ்வளவுதான் காட்டும். எக்ஸ்ரேவைச் சித்த இப்படிக் குடுங்க. அப்படியே ஒரு நாலணாவும் குடுங்க. திருப்பிக் கேக்கக் கூடாது.”

வாட்ச் கடையிலிருந்து அதே அளவு செல் ஒன்று வாங்கி வரச் சொன்னார். காசையும் செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எக்ஸ்ரேயை ஜன்னலில் சாத்தி, மையில் வரைய ஆரம்பித்தார். முதலில் காசு: ஒரே கோடு. அடுத்து செல்: வெளிவட்டம், உள்வட்டம். பக்கவாட்டில் வைத்தால் காசு சமமாக இருக்கும். செல்லுக்கு ஒரு படி இருக்கும். அதையும் வரைந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவரிடம் எவ்வளவோ படம் வாங்கியிருக்கிறேன்: விபத்து வரைபடம், கொலை நடந்த வீடு. அவர் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு வரைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். முடித்ததும், “எம்பட பேரனுக்கு ரெண்டு வயசுங்க” என்று மட்டும் சொன்னார்.

வந்த செய்தி இதுதான். இன்றும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

‘மூன்று மாதங்களுக்கு முன் இதே இடத்தில், சிறு பொருட்களை விழுங்கிய குழந்தைக்கு வாழைப்பழம் போதும் என்று எழுதியிருந்தோம். அது தவறு. எந்த மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை, நாங்கள் சேர்த்தது. கடிகாரம், கால்குலேட்டர், பொம்மை, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை ஆகியவற்றில் உள்ள வட்டமான சிறு செல்லைக் குழந்தை விழுங்கினால், அல்லது விழுங்கியதோ என்று சந்தேகம் வந்தால், பழமோ சோறோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். அதே மாதிரி செல் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். காசு என்று நினைத்தாலும் போங்கள். எது என்று எக்ஸ்ரேதான் சொல்லும். தீர்ந்த செல்லும் சுடும். கழற்றியதும் டேப் சுற்றிக் குழந்தையின் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.’

கீழே ஜாபர் பாயின் படம். இந்தக் கட்டத்தில் வரி குறையவில்லை. அதிகமானது. பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடைத் திறப்புவிழாவைச் சுந்தரராஜன் பிளேடால் இரண்டு வரி வெட்டினார்.

வழக்கு எதுவும் வரவில்லை. கடிதங்கள் வந்தன. செல்லை மூக்கில், காதில் போட்டுக்கொண்ட குழந்தைகளைப் பற்றி இரண்டு தாய்மார்கள் கேட்டிருந்தார்கள். அங்கேயும் அதே புண்தான், அங்கேயும் காத்திருக்கக் கூடாது என்று வசந்தா சொன்னதை இன்னொரு நாள் போட்டோம். டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரிக் கட்டையைக் குழந்தைகள் கல்லால் உடைத்து உள்ளே இருக்கும் கரிக்குச்சியை எடுத்து எழுதி விளையாடுவதைப் பற்றி ஓர் ஆசிரியை எழுதினார். அதையும், அடுப்பில் போட்டால் வெடிக்கும் என்பதையும் சேர்த்தோம். பல்லடம் போனபோது அந்த சலூனுக்குள் நுழைந்து பழைய துண்டைக் கிழித்துவிட்டுப் புதியதை நானே ஒட்டினேன்.

“அதுல சிரிப்பு இருந்துதுங்க. இதுல இல்லை” என்றார் சலூன்காரர். அன்றைக்குச் சவரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

கவிதா அந்த மருத்துவமனையில் ஐந்து வாரம் இருந்தாள். மூக்கு வழியாகக் குழாய். அதில் பால், கஞ்சித் தண்ணீர். தினமும் காலை என் சுற்றில் அந்த வார்டும் சேர்ந்துகொண்டது. முதல் வாரம் சரஸ்வதி என்னோடு பேசவில்லை. இரண்டாம் வாரம், “இன்னைக்குக் காய்ச்சல் இல்லீங்க” என்றார். மூன்றாம் வாரம் குழந்தைக்கு வெள்ளை மருந்து ஊட்டி எக்ஸ்ரே எடுத்தார்கள். மருந்து எங்கும் கசியாமல் இறங்கியது. ஓர் இடத்தில் மட்டும் உணவுக்குழாய் ஊசிக்காது போலச் சுருங்கியிருந்தது. ஓட்டை இல்லை. வசந்தா அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு, ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “சுருக்கம் எனக்குப் பழக்கமுங்க. ஓட்டைக்குத்தான் பயந்தேன்” என்றார்.

அதன் பிறகு மாதம் இரண்டு முறை வந்து குழாயை விரிவாக்க வேண்டும். கருமத்தம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். தண்ணீர் இறங்கியது. பிறகு பால். பிறகு கரைத்த சாதம். ஒவ்வொன்றையும் சரஸ்வதி எனக்குச் சொல்வார், மண்டி நிலவரம் போல, முகத்தில் ஒன்றும் காட்டாமல். நானும் குறித்துக்கொள்வேன்.

அடுத்த ஆண்டு மாரியம்மன் நோன்பு முடிந்த வாரத்தில் வசந்தாவிடமிருந்து போன். “கொஞ்சம் வந்துட்டுப் போங்க. இந்தத் தடவை நல்லதுக்கு.”

பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு குடும்பம். இரண்டு வயதுப் பையன் பொம்மைக் காரின் அடிமூடியைக் கடித்துத் திறந்து செல்லை விழுங்கியிருக்கிறான். அப்பா பையனையும் மனைவியையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு, முட்டை வண்டி ஒன்றை வழியில் மறித்து அதில் ஏறி, ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டார். சட்டைப் பையில் அந்தப் பொம்மைக் கார். வந்த உடனே எடுத்துவிட்டார்கள். உள்ளே லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். எதற்கும் சில நாள் வைத்துப் பார்க்கலாம் என்றார் வசந்தா.

வராந்தாவில் அந்தப் பையனின் அம்மா அழுதுகொண்டிருந்தார். அதே பெஞ்சின் மறுகோடியில் சரஸ்வதி. அன்றைக்குக் கவிதாவுக்கு விரிவாக்கும் முறை. முடிந்து, உட்கார்ந்திருந்தார்கள். மடியில் டிபன் டப்பா. அதில் இட்லி. கவிதா அதைத் தானே பிய்த்து, மெள்ள, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத் தின்றுகொண்டிருந்தாள். ஒரு துண்டைக் கீழே போட்டு என்னைப் பார்த்தாள்.

“அழுகாதீங்க அம்மணி” என்றார் சரஸ்வதி அந்தப் பெண்ணிடம். “பழம் கிழம் எதாச்சும் குடுத்தீங்களா?”

“இல்லீங்க அக்கா. எங்க மாமியா குடுக்கத்தான் வந்தாங்க. இவருதான் தட்டி உட்டுப்போட்டாரு. முடி வெட்டற கடைல பேப்பர்ப் படம் ஒட்டியிருந்துதாம். ரெண்டு வட்டம். படிச்சுப் படிச்சு மனப்பாடமாய்ப்போச்சுன்னாரு.”

சரஸ்வதி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு டப்பாவை என் பக்கம் நீட்டினார்.

“இட்லி எடுத்துக்குங்க. ஊட்டுல செஞ்சதுதான்.”

எடுத்துக்கொண்டேன்.

மாலையில் எழுதினேன். எங்கே, எத்தனை மணிக்கு, எதை விழுங்கினான், என்ன கொடுக்கவில்லை, எத்தனை மணிக்கு வந்தார்கள், டாக்டர் என்ன பார்த்தார். கட்டத்தில் ஒட்டிய பிறகு ஜாபர் பாய் தலையை நீட்டினார்.

“நடராஜண்ணா, ஒரு வரி குறையுதுங்க.”

செய்தியை முதலிலிருந்து ஒருமுறை படித்தேன். நான் பார்த்ததும் கேட்டதும் அவ்வளவுதான்.

“அப்படியே விடுங்க பாய்.”

“வெள்ளையா நிக்குமுங்களே?”

“நிக்கட்டும்.”

பாய் ஏதோ முணுமுணுத்தார். சுந்தரராஜன் அளவுகோலோடு வந்து குனிந்தார். வரி வரியாக இறக்கினார். எழுத்துகள் முடிந்து, வெள்ளை இடத்துக்கு வந்ததும் அளவுகோல் நின்றது. நீலப் பென்சில் கையில் இருந்தது. என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.